ஒட்டிய உறை

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வட்டத்தின் செயலாளர் தம்பி போன மாதம் போன் செய்து, "தினமும் எப்படி எழுதுறீங்க, இப்ப என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க, அந்த ரெண்டையும் பேசுங்கம்மா, போதும்" என்றார். அந்த இரண்டையும் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அரசாங்கம் நம் கடிதத்தையும் தொலைபேசியையும் எந்தச் சட்டத்தின் பேரில் திறந்து பார்க்கிறது என்ற விஷயத்தைத் தொடாமல் இருக்க முடியாது. ஆகவே மூன்றையும் பேசிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை நாலரைக்கு எழுந்துவிடுவேன். ராத்திரியே ஃபில்டரில் இறக்கி வைத்த டிகாஷன் இருக்கும். பால் பாக்கெட் வர ஐந்தரை ஆகும் என்பதால் முதல் காபிக்கு முந்தைய நாள் பால்தான். எனக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தில் ஜன்னல் ஓரமாக என் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. மெஷினை உள்ளே மடக்கிவிட்டால் மேலே பலகை சமமாகிவிடும். அதன்மேல்தான் ஆறு நாவல்களையும் எழுதினேன். யோசிக்கும்போது கால் தானாகப் பெடலை மிதிக்கும். சக்கரம் சும்மா சுற்றும். அந்தச் சத்தம் நின்றுவிட்டால் நான் எழுதுகிறேன் என்று என் கணவருக்குத் தெரியும். மாமியாருக்கு 88 வயது. ஆறரைக்கு விழித்துக்கொள்வார். அதற்குப் பிறகு வெந்நீர், மாத்திரை, இட்லி என்று அந்த நாள் மற்றவர்களுடையது. எனக்குச் சொந்தம் அந்த இரண்டு மணி நேரம்தான். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

கோடு போடாத 200 பக்க நீள நோட்டு. வலது பக்கம் நாவல். இடது பக்கத்தைக் கேள்விகளுக்காகக் காலியாக விட்டிருப்பேன். ஒரு கதைக்கு நாலு பிரதி எழுதுவேன். நாலாவதுதான் பதிப்பகத்துக்குப் போகும். மூன்றாவதை என் கணவரும் ஒரு தோழியும் படிப்பார்கள். முதல் பிரதியை யாருக்கும் காட்டமாட்டேன்.

ஏன் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். முதல் பிரதியில் நான் எல்லாவற்றையும் எழுதுவேன். கொலை செய்தவனின் நியாயத்தை, கொலை செய்தவனாகவே உட்கார்ந்து எழுதிப் பார்ப்பேன். சாதித் திமிர் பிடித்த ஒரு பெரியவர் வாய் கூசாமல் பேசுவதை அப்படியே எழுதுவேன். எனக்கு உடன்பாடில்லாத கட்சிக்காரன் மேடையில் பேசுவதை, அவன் பக்கமே சரி என்று எனக்கே தோன்றும் அளவுக்கு எழுதுவேன். அவற்றில் முக்கால்வாசி இரண்டாம் பிரதியில் போய்விடும். ஆனால் முதல் பிரதியில் அவை வரவில்லை என்றால், நாலாம் பிரதியில் உயிருள்ள மனிதர் ஒருவர்கூட இருக்கமாட்டார். யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்தால் அந்த முதல் பிரதியை எழுத முடியாது. இதை நான் எழுத்தாளரான பிறகு கற்றுக்கொள்ளவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த வீட்டில் கற்றுக்கொண்டேன்.

1981இல் தபால் துறையில் சேர்ந்தேன். 2020இல் சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். 39 வருஷம். 1984இல் கல்யாணம். புகுந்த வீட்டில் எனக்கு வரும் கடிதங்களை மாமனார் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஆபீஸ் வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனவர். மருமகளுக்கு வரும் கடிதத்தைப் பெரியவர்கள் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கம், அவ்வளவுதான். "மறைக்கிறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று அன்பாகத்தான் கேட்பார்.

மறைக்க ஒன்றுமில்லை என்பது உண்மை. கல்லூரித் தோழி எழுதுவாள், தங்கை எழுதுவாள். ஆனால் அந்தக் கடிதங்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஆறே மாதத்தில் தோழியின் கடிதம் நாலு பக்கத்திலிருந்து ஒரு பக்கமானது. என் பதில்கள் இன்லேண்டின் பாதிக்குச் சுருங்கின. "இங்கு அனைவரும் நலம். அங்கு நலமறிய ஆவல். இந்த வருஷம் மழை அதிகம். குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது." அவ்வளவுதான். தோழியின் வீட்டில் அப்போது பெரிய துயரம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை அவள் எனக்கு எழுதவில்லை. எழுதினால் என் மாமனார் படிப்பார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து நேரில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு என் கடிதங்களை ஆபீஸ் முகவரிக்கு எழுதச் சொன்னேன். மறுபடி நாலு பக்கம் வர ஆரம்பித்தது.

அதே காலத்தில் என் ஆபீஸில் நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, கடமைக்கு மாறாக ஒரு கடிதத்தைப் பிரிக்கும் தபால் ஊழியருக்கு 2 ஆண்டு வரை சிறை. சேர்ந்த முதல் வாரமே எங்கள் போஸ்ட்மாஸ்டர் அதைச் சொல்லித்தான் உட்காரவைத்தார். "உறை ஒட்டியிருக்கிற வரைக்கும் அதுக்குள்ள இருக்கிறது நம்ம சொத்து இல்லை" என்பார். பிறந்த நாள் முதல் நான் பார்த்த பெரியவர்களில் கடிதத்தைப் பற்றி அப்படிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

1987இல் மூன்று மாதம் டெபுடேஷனில் சென்னை ஆர்.எல்.ஓ.வில் வேலை பார்த்தேன். திரும்பிவந்த கடிதங்களுக்கான அலுவலகம். பெறுபவரையும் கண்டுபிடிக்க முடியாமல், உறைமேல் அனுப்பியவர் முகவரியும் இல்லாமல் போன கடிதங்கள் அங்கே வந்து குவியும். அவற்றைப் பிரித்துப் பார்க்க அங்குள்ளவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இருந்தது. ஒரே ஒரு காரணத்துக்காக, அனுப்பியவருடைய முகவரியைத் தேடுவதற்காக. எனக்குப் பழக்கிக் கொடுத்த மூத்த ஊழியர் கையில் ஒரு மரக் கத்தி வைத்திருப்பார். உறையின் ஓரத்தை நேராகக் கிழித்து, தாளை வெளியே எடுத்து முழுவதும் விரிக்காமல், வலது மேல் மூலையைப் பார்ப்பார். இல்லையென்றால் கடைசி மடிப்பைத் திருப்பிக் கையெழுத்துக்குக் கீழே பார்ப்பார். முகவரி கிடைத்தால் மடித்து அரசு உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார். நடுவில் இருக்கும் வரிகள் மேல் அவர் கண் போகாது. நான் ஒருமுறை ஆர்வத்தில் நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு தாய் மகனுக்கு எழுதியது. அவர் என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி மடித்துவிட்டு, "மேல் மூலை, கீழ் மூலை. அதுக்கு மேல நமக்கு அனுமதி இல்லைம்மா" என்றார். அரசாங்கம் ஒரு கடிதத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் எப்படித் திறக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை எனக்கு அவர்தான் இலக்கணம். அவரை வைத்து ஒரு குறுநாவல் எழுதப்போகிறேன். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

இப்போது கையில் இருப்பது பெரிய நாவல். 1910ஐ ஒட்டிய வருஷங்கள். கடலூர். ரங்கசாமி என்று ஒரு தபால் குமாஸ்தா. புதுச்சேரிக்குப் போகும் கடிதங்களையும் அங்கிருந்து வரும் கடிதங்களையும் தனியாக எடுத்துவைத்து, கெட்டிலின் மூக்கில் வரும் ஆவியில் காட்டிப் பசையை இளக்கிப் பிரித்து, பிரதி எடுத்து, மறுபடி ஒட்டி அனுப்புவது அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கதை கற்பனை. பின்னணி கற்பனை இல்லை.

1908இல் 'இந்தியா' பத்திரிகைமேல் வழக்கு வந்தபோது பாரதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்தபோது கடலூரில் கைதானார். இடைப்பட்ட பத்து வருஷமும் சி.ஐ.டி. ஆட்கள் புதுச்சேரியில் வீடு எடுத்துத் தங்கி, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று எழுதினார்கள். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார், அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். கண்காணிப்பு இன்னும் கூடியது. கடிதங்களும் மணியார்டர்களும் சிக்கின. 'இந்தியா' பத்திரிகையைப் பிரிட்டிஷ் பகுதிக்குள் வரவிடாமல் தடுத்ததால் 1910இல் அது நின்றேபோனது. பத்திரிகையை மூட புதுச்சேரிக்குள் போலீஸ் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தபாலைப் பிடித்தால் போதுமாக இருந்தது.

வாரம் ஒருநாள் ரயில் ஏறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். பழைய காவல்துறைக் குறிப்புகளைப் படிக்கும்போது அவற்றை எழுதியவனை நினைத்துக்கொள்வேன். இன்னார் மாலை இத்தனை மணிக்குக் கடற்கரைக்குப் போனார், இன்னாரோடு பேசினார். என்ன பேசினார் என்று தெரியாத இடத்தில் ஊகம். அந்த ஊகம் மேலிடத்துக்குப் போகும்போது செய்தியாகிவிடுகிறது.

என் ரங்கசாமி ஒரு விஷயத்தைக் கவனிக்கிறான். முதல் வருஷம் அவன் பிரித்த ஒருவருடைய கடிதங்களில் கோபம், பாட்டு, கடன், சண்டை, சமையல் எல்லாம் இருக்கும். கடிதம் பிரிக்கப்படுகிறது என்ற செய்தி பரவிய பிறகு அதே ஆள் எழுதுவது மழை, வெயில், நலம். பிரதி எடுக்கிற ரங்கசாமிக்கே அது பொறுக்கவில்லை. அந்த மனிதர் தன் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாவதைத் தன் கையாலேயே பிரதி எடுக்கிறான். இந்த அத்தியாயத்தை எழுதும்போது என் தோழியின் ஒரு பக்கக் கடிதங்கள்தான் எனக்கு முன்னால் இருந்தன.

அந்தக் காலத்துக் கதை ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றுக்குள் வேவுக்காரர்கள் ஒரு ஜாடியைப் போட்டுவைத்தார்கள். உள்ளே, அங்கிருந்த தேசபக்தர்களைச் சதியில் மாட்டிவிடுவதற்கான போலித் தாள்கள். தண்ணீர் இறைக்கும்போது அது வாளியோடு மேலே வந்துவிட்டது. தேசபக்தர்கள் அதை ஒளிக்காமல் பிரெஞ்சுக் காவல்துறையிடம் தாங்களே சொன்னார்கள். விசாரிக்க வந்த நீதிபதி அரவிந்தர் வீட்டில் லத்தீன், கிரேக்க நூல்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப்போனார். வாளியில் அது வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நம் காலத்துக் கதை ஒன்று. திருச்சி மாவட்டத்து விரகலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வாழ்ந்தவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானார். ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5ஆம் தேதி, 84 வயதில், மும்பை மருத்துவமனையில் காலமானார். அவருடைய கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து ஊடுருவியவர்களால் வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் என்ற தடய ஆய்வு நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. வழக்கை விசாரித்த புலனாய்வு அமைப்பு அந்த நிறுவனத்தின் முடிவுகளை ஏற்கவில்லை. நான் நீதிமன்றம் இல்லை, தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் அவருக்குத் தெரியாமல் நுழைந்து பார்க்க வழி இருந்தால், நுழைந்தவன் எதையாவது வைத்துவிட்டுப் போகவும் அதே வழி போதும். கணினியில் வாளி கட்டி இறைத்துப் பார்க்க முடியாது.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருமுனை டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "போஸ்ட்மாஸ்டர் அம்மா, ரெண்டு பேர் வந்து உங்களைப் பத்தி விசாரிச்சாங்க. வீட்டுக்கு யார் யார் வராங்க, என்ன எழுதுறாங்கன்னு கேட்டாங்க. நான் பென்ஷன் வாங்குற அம்மா, கதை எழுதுவாங்கன்னு சொன்னேன்" என்றார். யாழ்ப்பாணத்து எழுத்தாளத் தோழி ஒருவரோடு நான் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேசுவேன். அதற்காகவா, வேறு எதற்காகவா, எந்த இடத்திலிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி யாரும் வரவில்லை. என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நாலரைக்கு எழுந்தேன். நோட்டைத் திறந்தேன். ரங்கசாமியின் மருமகன் வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொள்ளும் அத்தியாயம் பாதியில் இருந்தது. 41 பக்கம். அன்று அதைத் தொடரவில்லை. அடுத்த நாள் அந்த மருமகனைப் பள்ளிக்கூட வாத்தியாராக மாற்றினேன். கதைக்கு அதுதான் பொருத்தம் என்று காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத் தோழியிடம் பேசும்போது மழை பற்றிப் பேசினேன். ஒரு மாதம் கழித்துத்தான், ஒருநாள் பெடலை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, நான் 1984இல் எழுதிய கடிதத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. இங்கு அனைவரும் நலம். அன்றைக்கே 41 பக்கத்தையும் திரும்பச் சேர்த்தேன். ஆனால் அந்த ஒரு மாதம் போனது போனதுதான்.

என்னைப் போல ஆனவர்கள் நிறைய. அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடென் 2013 ஜூனில் அந்த நாட்டின் கண்காணிப்பை வெளியிட்ட பிறகு, அங்குள்ள பென் என்ற எழுத்தாளர் அமைப்பு 500க்கு மேற்பட்ட எழுத்தாளர்களிடம் கேட்டது. கண்காணிப்புக்குப் பயந்து ஒரு விஷயத்தை எழுதாமலோ பேசாமலோ விட்டதாகச் சொன்னவர்கள் 16 சதவீதம். அவர்கள் கைது செய்யப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நோட்டீஸ்கூட வரவில்லை. எழுதப்படாத அந்தப் புத்தகங்கள் எந்தத் தடைப் பட்டியலிலும் வராது. நூலகத்தில் அவற்றுக்கு வெற்றிடம்கூட இருக்காது.

"தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. என் மாமனாரும் அதைத்தான் கேட்டார். அரசாங்கம் யாருடைய போனையும் கேட்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். அப்படி ஒன்றைத் தடுக்க ஒரு போனைக் கேட்க வேண்டுமென்றால் கேட்கட்டும். யார் அனுமதி கொடுப்பது, எவ்வளவு பார்ப்பது, பிறகு யாருக்குக் கணக்குச் சொல்வது என்பவைதான் என் கேள்விகள். மேல் மூலை, கீழ் மூலை.

நம் சட்டத்தின் கதை 1885இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் போன் ஒட்டுக்கேட்புக்கு ஆதாரமாக நூற்றாண்டுக்கும் மேலாக இருந்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இருந்தால்தான் கேட்கலாம் என்பது நிபந்தனை. நடைமுறை வேறு. 1988இல் ஒட்டுக்கேட்புப் புகாரால் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டை இரண்டு ஹரியானா கான்ஸ்டபிள்கள் வேவு பார்த்தார்கள் என்ற சர்ச்சையில் சந்திரசேகர் அரசே போனது. ஆட்சியில் இருப்பவர்கள் அடுத்தவர் மேல் வேவு வைக்கும்போது அது பாதுகாப்பு. தங்கள் மேல் வைக்கும்போது அது ஊழல். எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும்.

அந்தச் சூழலில்தான் பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமைக்குள் வரும் என்றது. உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், உத்தரவு 2 மாதத்துக்குத்தான், நீட்டித்தாலும் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு சரிபார்க்க வேண்டும் என்று வகுத்தது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. ஆக, உத்தரவு போடுபவரும் அரசு அதிகாரி, அதைச் சரிபார்ப்பவர்களும் அரசு அதிகாரிகள்.

அந்தக் குழு எப்படிச் சரிபார்க்க முடியும் என்று ஒரு கணக்குப் போடுவோம். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த ஒரு பதில் 2014இல் வெளியானது. கேபினட் செயலாளர் தலைமையிலான குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகள். டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு 30க்கு மேல். ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடிகூட இல்லை. நான் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒரு பதிவுத் தபாலுக்கு ரசீது போடவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். இது நடக்கிற காரியம் இல்லை என்று, தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவும் 2018இல் எழுதியிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதன்பின் சட்டம் மாறும் என்று நம்பினேன். 2021 ஜூலையில் பெகாசஸ் செய்தி வந்தது. போனுக்குள் புகுந்து ஒலிவாங்கியையும் கேமராவையும் தானே இயக்கும் உளவு மென்பொருள். உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ரவீந்திரன் குழுவிடம் 29 போன்கள் ஒப்படைக்கப்பட்டன. 5 போன்களில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதைத் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் படித்தார். முழு அறிக்கை முத்திரையிட்ட உறைக்குள் இருக்கிறது. நம் கடிதம் பிரிபடலாம், அந்த உறை பிரிபடவில்லை.

நம்பிக்கை தந்த ஒரு செய்தி நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2011இல் ஒரு லஞ்ச வழக்கில் உள்துறை அமைச்சகம் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். ரகசியமாக நடக்கும் சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றார். பதிவு செய்த பேச்சை மறுஆய்வுக் குழு முன் விதிப்படி வைக்கவும் இல்லை என்று சுட்டிக்காட்டி, அதைப் பயன்படுத்தக் கூடாது என்றார். அந்தத் தீர்ப்பைக் கணினியில் எடுத்து இரண்டு முறை படித்தேன். ஆனால் 14 வருஷம் ஆகியிருக்கிறது. தன் போன் கேட்கப்பட்டது அந்த மனிதருக்குத் தெரிந்ததே வழக்கு வந்ததால்தான். வழக்கே வராத மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு யார் சொல்வார்கள்?

ஆகவே என்ன மாற வேண்டும் என்றால், முதலில் நீதிபதி வேண்டும். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும், அவசர வேளை தவிர, நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புதல் தராமல் பேச்சைக் கேட்க முடியாது. நீதிபதி மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே 1978 முதல் தனி நீதிமன்றமே இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு ஒரு தரப்பை மட்டும் கேட்டதால், கோடிக்கணக்கான போன் விவரங்களைத் திரட்ட அந்த நீதிமன்றமே அனுமதி கொடுத்தது. அதனால் நீதிபதி முன்னால் எதிர்த்து வாதாட ஒருவர் இருக்க வேண்டும். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப்படுவது பின்னால் சொல்லுதல். விசாரணை முடிந்த பிறகு, சொல்வதால் ஆபத்தில்லை என்று ஆனதும், "உங்கள் போனை இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை கேட்டோம்" என்று அந்த ஆளுக்கு எழுத வேண்டும். ஜெர்மனியில் சட்டத்தில் அது உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் சேர்த்துவைத்த கோப்புகளை 1992 ஜனவரி முதல் மக்கள் போய்ப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டவர்கள் அவர்கள். கவிஞர் ரைனர் குன்ஸ 1990இலேயே தன் கோப்பிலிருந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். போலீஸ் அவருக்கு வைத்த ரகசியப் பெயர் 'கவிதை' என்பது. நம் நாட்டில் எனக்கொரு கோப்பு இருக்கிறதா, அதில் டீக்கடைக்காரர் சொன்னது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க எனக்கு வழியில்லை.

இதெல்லாம் பெரிய மாற்றம், காலம் ஆகும் என்று சொல்வார்கள். சின்னதாக ஒன்று கேட்கிறேன். அதற்கு முன் பழைய கதை ஒன்று. 1986இல் அஞ்சலகச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா. இரு அவைகளும் நிறைவேற்றிவிட்டன. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடவில்லை. வைத்துக்கொண்டே இருந்துவிட்டார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. அப்போது எங்கள் யூனியன் அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

2023 டிசம்பரில் புதிய அஞ்சலகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி மத்திய அரசு எந்த அதிகாரிக்கும் தபாலைப் பிடிக்கவும் பிரிக்கவும் அதிகாரம் கொடுக்கலாம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று ஆரம்பித்து, எந்தச் சட்டத்தை மீறினாலும் என்பதுவரை அதன் காரணங்கள் நீளுகின்றன. மறுஆய்வுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. நான் உட்கார்ந்து வரிவரியாகத் தேடியது இன்னொன்றை. முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த 53ஆம் பிரிவை. ஊழியர் கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரித்தால் சிறை என்ற அந்தக் குற்றப் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. பிரிக்கும் அதிகாரம் அகலமாகியிருக்கிறது, தவறாகப் பிரித்தவனுக்கான தண்டனை எடுக்கப்பட்டிருக்கிறது. 39 வருஷம் அந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டு வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். எந்தக் கட்சியானாலும் சரி. போனைக் கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும், கேட்டு முடித்த பின் எங்களுக்குச் சொல்ல வேண்டும், பழைய 53ஆம் பிரிவைப் புதிய சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், பெயரும் முகவரியும் போடுங்கள். நான் போன வாரம் எழுதிப் போட்டேன். அஞ்சலட்டை 50 காசுதான்.